வியாழனுக்கு அப்பால் போக எந்த அணு இயந்திரம்?

பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிகளில் ‘அணு ரொக்கெட்’ ஒன்று எப்படியும் மேசை ஏறிவிடும். ரெஜிபோம் உடல், பின்னால் சிவப்புத் தாளில் சுவாலை, நடுவில் கதிர்வீச்சைக் குறிக்கும் மஞ்சள் அடையாளம். அட்டனிலோ பண்டாரவளையிலோ அதைப் பார்க்க வருகிற பௌதிகவியல் ஆசிரியர் “இது எந்த வகை?” என்று கேட்டால் போதும், மேசைக்குப் பின்னால் நிற்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஆனால் வகையைத் தீர்மானிக்காமல் அந்த உருவத்தை வரையவே முடியாது. அணு வெப்பத்தில் ஓடும் விண்கலங்கள் மூன்று இனம். ஒன்று முக்கால்வாசி தாங்கி. இன்னொன்று முக்கால்வாசி ரேடியேற்றர். மூன்றாவதில் செதில் வைத்த பேணி போல ஒன்று பக்கத்தில் தொங்கும், அவ்வளவுதான். உலையும் எரிபொருளும் மூன்றிலும் சின்னப் பொருள். எதைத் தெரிவு செய்வது என்பதை அவற்றுக்கு வெளியே தொங்கும் சாமான்தான் தீர்மானிக்கிறது.

முதலில், அணு வேண்டுமா?

புவிக்கருகே ஒரு சதுர மீற்றரில் 1361 வொட் சூரிய ஒளி விழுகிறது. செவ்வாயில் அது 590 அளவு. வியாழனில் 50, சனியில் 15, நெப்டியூனில் ஒன்றரை. தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதம், வேறொன்றுமில்லை.

2011இல் ஏவப்பட்ட ஜூனோ 60 சதுர மீற்றர் சூரியப் பலகைகளுடன் வியாழனுக்குப் போனது. புவியருகே 14 கிலோவொட் தரக்கூடிய அந்தப் பலகைகள் அங்கே தந்தது 500 வொட்டுக்குக் கிட்ட. 2024 ஒக்டோபரில் புறப்பட்ட யூரோப்பா கிளிப்பர் முப்பது மீற்றர் அகலத்துக்குப் பலகை விரித்து வியாழனில் 700 வொட் எடுக்கப் பார்க்கிறது. அதே பலகையைச் சனிக்குக் கொண்டுபோனால் 200 வொட் மிஞ்சும். குளிருக்கும் மங்கல் ஒளிக்கும் கலங்களின் வினைத்திறன் குறைவதைக் கழித்தால் அதுவும் இல்லை. ஆகவே வியாழன் வரை ஆளில்லாக் கலத்துக்குச் சூரியன் போதும். செவ்வாய்க்குச் சரக்கு, சிறுகோள்களுக்கு ஆய்வுக்கலம் என்றால் சூரியமின் உந்துகையே மலிவு. 2023இல் புறப்பட்ட சைக்கி அப்படித்தான் போகிறது. அதற்கு அணு கேட்பது கொத்தமல்லி வாங்க லொறி பிடிப்பது மாதிரி.

இரண்டு இடத்தில்தான் அணு தவிர்க்க முடியாததாகிறது. ஒன்று, சனிக்கும் அதற்கு அப்பாலும். மற்றது, சூரியனே தெரியாத இடங்கள்: சந்திரனின் இரண்டு வார இரவு, சனியின் நிலவான டைட்டனின் மூட்டம், செவ்வாயின் தூசுப்புயல். மனிதரை வேகமாகச் செவ்வாய்க்குக் கொண்டுபோவதை மூன்றாவதாகச் சேர்ப்பவர்கள் உண்டு. அந்த வழக்கு அவ்வளவு தெளிவானதல்ல. கீழே கணக்கைப் பார்க்கலாம்.

புளூத்தோனியம் பேணி

முன்னே சொன்ன செதில் வைத்த பேணி, கதிரியக்கச் சமதானி மின்பிறப்பாக்கி. இதில் உலை கிடையாது, சங்கிலித் தாக்கமும் கிடையாது. புளூத்தோனியம்-238 தானாகத் தேய்ந்து சூடாகிறது. வெப்பவிணைகள் அந்தச் சூட்டை மின்னாக்குகின்றன. செவ்வாயில் ஊரும் கியூரியோசிற்றியிலும் பெர்சிவியரன்ஸிலும் இருப்பது 45 கிலோ எடை. அதற்குள் 4.8 கிலோ புளூத்தோனியம் ஒட்சைட்டு. பிறக்கும் வெப்பம் 2000 வொட், கிடைக்கும் மின் 110 வொட். ஆறு வீதத்துக்கும் குறைவான வினைத்திறன், ஆனால் அசையும் பாகம் ஒன்றுமில்லை. பழுதாக எதுவும் இல்லை என்பதுதான் இதன் பெருமை. 1977இல் 470 வொட்டுடன் புறப்பட்ட வொயேஜர் ஆண்டுக்கு 4 வொட் வீதம் இழந்துகொண்டே அரை நூற்றாண்டை நெருங்குகிறது.

தேய்வைக் கணக்கிடும்போது மாணவர்கள் ஒரு தவறு விடுவார்கள். அரைவாழ்வு 87.7 ஆண்டு என்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் வலு ஆண்டுக்கு 0.8 வீதம் குறைய வேண்டும். உண்மையில் அதைவிட வேகமாகக் குறைகிறது. வெப்பவிணைகளின் பொருளும் சூட்டில் கிடந்து ஆண்டாண்டாகத் தரம் இழக்கிறது. எரிபொருள் தேய்வது ஒரு கணக்கு, கருவி தேய்வது இன்னொரு கணக்கு. இரண்டையும் பெருக்க வேண்டும்.

அசல் தடை எரிபொருளின் அளவு. நெப்தூனியம்-237ஐ உலையில் நியூத்திரனுக்குக் காட்டித்தான் இந்தச் சமதானி கிடைக்கும். அமெரிக்கா மீண்டும் உற்பத்தி தொடங்கியபின் வைத்திருக்கும் இலக்கே ஆண்டுக்கு 1.5 கிலோ ஒட்சைட்டு. ஒரு பேணிக்கு மூன்று ஆண்டு விளைச்சல். ஐரோப்பியர் அமெரிக்கியம்-241ஐப் பார்ப்பது இதனால்தான்: அரைவாழ்வு 432 ஆண்டு, பழைய அணுமின் எரிபொருளிலிருந்து பிரித்தெடுக்கலாம்; ஆனால் கிராமுக்குக் கிடைக்கும் வெப்பம் புளூத்தோனியத்தின் ஐந்தில் ஒன்றுதான்.

எங்கே பேணியை விட்டு உலைக்கு மாறுவது?

ஒரு கிலோவொட் மின் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேணிகளால் என்றால் ஒன்பது தேவை: 405 கிலோ, அதில் 43 கிலோ ஒட்சைட்டு. கிலோபவர் என்ற சிற்றுலைத் திட்டத்தின் ஒரு கிலோவொட் வடிவமைப்பு சுமார் 400 கிலோ. எரிபொருள் முப்பது கிலோவுக்குக் கிட்டிய யுரேனியம். எடை ஏறத்தாழச் சமம். பத்துக் கிலோவொட்டுக்குப் போனால் உலை 1500 கிலோவில் நிற்கிறது. பேணிகள் நான்கு தொன்னைத் தாண்டிவிடும். எல்லைக்கல் ஒரு கிலோவொட்டுக்குப் பக்கத்தில் என்று எழுதிக்கொள்ளலாம்.

இந்த உலையின் மாதிரி 2018 மார்ச்சில் நெவாடாவில் 28 மணித்தியாலம் ஓடியது. மையம் 800 பாகை செல்சியஸ். சோடியம் நிரம்பிய வெப்பக் குழாய்கள் அந்தச் சூட்டை சூட்டை அசைவாக்கி மின் தரும் ஸ்ரேர்லிங் இயந்திரங்களுக்குக் கடத்தின. அதில் ரசிக்கத்தக்க விடயம் கட்டுப்பாடு. இயந்திரம் கூடுதல் வெப்பத்தை இழுத்தால் மையம் சற்றே குளிர்ந்து சுருங்குகிறது. சுருங்கியதும் வெளியே தப்பும் நியூத்திரன் குறைந்து தாக்கம் கூடுகிறது. வலு தானாக ஏறுகிறது. இழுப்பதைக் குறைத்தால் மறுபக்கம். கட்டளை போய்ச் சேரவே நான்கு மணித்தியாலம் ஆகும் நெப்டியூனில் இப்படித் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் உலைதான் வேண்டும்.

அணுமின் உந்துகை: தகரக் கூரையின் பௌதிகம்

உலை மின் தருகிறது, மின் செனன் வாயுவின் அயன்களைத் தள்ளுகிறது. வெளியேறும் வேகம் செக்கனுக்கு 39 கிலோமீற்றர் அளவு. மிகச் சிறந்த இரசாயன ரொக்கெட்டில் 4.4தான். எரிபொருள் மிச்சம் பிரமாண்டம். கலத்தின் வேகத்தைச் செக்கனுக்கு 6 கிலோமீற்றர் மாற்ற வேண்டும், முடிவில் 40 தொன் மிஞ்ச வேண்டும் என்றால் ரொக்கெட்டின் எரிபொருளைக் கணக்கிடும் சியோல்கோவ்ஸ்கி சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: இரசாயனத்துக்கு 116 தொன், இதற்கு 7 தொன்னுக்கும் குறைவு.

பிறகு ஏன் எல்லோரும் இதில் போகவில்லை? காரணம் வெப்பம். விண்வெளியில் காற்று இல்லை, நீர் இல்லை. பஸ்ஸின் ரேடியேற்றர் அங்கே வேலை செய்யாது. கதிர்வீச்சாக மட்டுமே சூடு போகும். நுவரெலியாவில் ஜனவரி மாதத்துத் தெளிந்த இரவுகளில் தேயிலைக் கொழுந்திலும் லயத்துத் தகரத்திலும் உறைபனி பிடிப்பதும் இதே வழியில்தான்: தகரம் தன் சூட்டை வானத்துக்குக் கதிர்வீசிக் காற்றையும்விடக் குளிர்ந்துபோகிறது. ஆனால் தகரம் இழப்பது சதுர மீற்றருக்குச் சில பத்து வொட். கலம் இழக்க வேண்டியது மெகாவொட் கணக்கில்.

1 மெகாவொட் மின், 25 வீத வினைத்திறன் என்றால் கழிவு வெப்பம் 3 மெகாவொட். ரேடியேற்றர் 500 கெல்வினில் இருந்து இரு பக்கமும் கதிர்வீசினால் (கதிர்வீசும் திறன், அதாவது காலற்றிறன், 0.9) சதுர மீற்றருக்கு 6.4 கிலோவொட் போகும். 470 சதுர மீற்றர் தகடு வேண்டும். 800 கெல்வினுக்கு ஏற்றினால் கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் அடுக்காகக் கூடும் என்ற விதி கைகொடுக்கிறது: 72 சதுர மீற்றர் போதும். அப்படியானால் இன்னும் ஏற்றலாமே என்று தோன்றும். ஏற்றினால் இயந்திரத்தின் சூட்டுப் பக்கத்துக்கும் குளிர்ப் பக்கத்துக்கும் இடைவெளி குறைந்து வினைத்திறன் விழும். அதே மின்னுக்குக் கழிவு கூடும். இலட்சிய இயந்திரத்துக்குப் பரப்பளவை இழிவாக்க வகையிட்டால் விடை அழகாக வருகிறது: குளிர் வெப்பநிலை, சூட்டு வெப்பநிலையின் முக்கால் பங்கு, வினைத்திறன் 25 வீதம். உயர்தர மாணவர் ஒருவர் அரைப் பக்கத்தில் செய்துவிடலாம். தரையில் மின்நிலையம் கட்டுபவர் குளிர்ப் பக்கத்தை இயன்றளவு குளிராக்கப் பார்ப்பார். விண்வெளியில் அதைச் சூடாகவே விட்டுவைக்க வேண்டும்.

அடுத்த குறை மெதுவான தள்ளல். ஒரு மெகாவொட், 65 வீதத் திறனில் தரும் விசை 33 நியூற்றன். கூடையில் மூன்றரைக் கிலோ கொழுந்து விழுந்தால் தலையில் உறைக்கும் பாரம். நாவலப்பிட்டிக்கு மேல் 44க்கு 1 ஏற்றத்தில் ரயில் பெட்டியை அது அசைக்காது. 60 தொன் கலத்தை வெற்றிடத்தில் நாளுக்கு செக்கனுக்கு 48 மீற்றர் வீதம் முடுக்கும். புவியின் தாழ் ஒழுக்கிலிருந்து சுருளாகச் சுற்றித் தப்பவே செக்கனுக்கு 7 கிலோமீற்றருக்கு மேல் வேக மாற்றம் வேண்டும். உடனடியாக உதைத்துத் தப்பினால் 3.2 போதும். ஐந்து மாதம் புவியையே சுற்றிக்கொண்டு, கதிர்வீச்சுப் பட்டிகளுக்குள் மெதுவாக நகர்ந்து போக வேண்டும். மனிதரை அதில் ஏற்ற முடியாது. 6 கிலோமீற்றர் என்று மேலே போட்ட கணக்கும் இதனால் இந்த வகைக்குச் சலுகை காட்டிய கணக்கு.

நடைமுறை அனுபவம் சொற்பம். விண்ணில் ஓடிய ஒரேயொரு அமெரிக்க உலை 1965இன் ஸ்னாப்-10ஏ. அரைக் கிலோவொட் அளவு, 43 நாள். உலை கெடவில்லை, மின்னழுத்தச் சீராக்கி கெட்டது. சோவியத் டோபாஸ் 1987இல் 5 கிலோவொட் தந்தது. அங்கிருந்து ஒரு மெகாவொட் என்பது இருநூறு மடங்கு. 200 கிலோவொட் அளவில் வியாழனின் நிலவுகளுக்குப் போகவிருந்த அமெரிக்கத் திட்டம் 2005இல் கைவிடப்பட்டது. தள்ளும் கருவிகள் மட்டும் முதிர்ந்துவிட்டன: நெக்ஸ்ட் என்ற அயன் உந்தி 50,000 மணித்தியாலத்துக்கு மேல் சோதனையில் ஓடியது.

அணுவெப்ப உந்துகை: தாங்கியின் கதை

இதில் மின் இல்லை. திரவ ஐதரசனை உலைக்குள் விட்டு 2700 கெல்வினுக்குச் சூடாக்கிக் கூம்பு வழியாக வெளியே விடுவது. தேயிலை ஸ்டோரில் விறகு அடுப்பு காற்றைச் சூடாக்கி உலர்த்திக்கு அனுப்புகிற அதே வேலை. வெளியேறும் வேகம் செக்கனுக்கு 8.8 கிலோமீற்றர், இரசாயனத்தைப் போல் இரண்டு மடங்கு. அணு அதிக சூடு என்பதால் என்று பலர் நினைப்பது தவறு. ஐதரசனும் ஒட்சிசனும் எரியும் அறை இதைவிடச் சூடானது. வித்தியாசம் வெளியேறும் மூலக்கூறில்: அங்கே பெரும்பகுதி நீராவி, மூலக்கூற்றுத் திணிவு 18, இங்கே வெறும் ஐதரசன், 2.

விசைக்குக் குறைவில்லை. இப்போதைய வடிவமைப்புகளில் வழக்கமான 111 கிலோ நியூற்றன் இயந்திரத்தின் தாரையில் 490 மெகாவொட் போகிறது. தலவாக்கலையில் உள்ள மேல் கொத்மலை மின்நிலையம் 150 மெகாவொட். மூன்றுக்கு மேற்பட்ட மேல் கொத்மலை, ஒரு மீற்றர் அளவான மையத்துக்குள். 1968இல் ஃபீபஸ்-2ஏ என்ற சோதனை உலை 4000 மெகாவொட்டைத் தொட்டது.

அதே 6 கிலோமீற்றர், அதே 40 தொன் கணக்குக்கு ஐதரசன் 39 தொன். இரசாயனத்தின் 116க்கு முன் நல்ல மிச்சம். இப்போது கன அளவைப் பாருங்கள். திரவ ஐதரசனின் அடர்த்தி கன மீற்றருக்கு 71 கிலோ. 39 தொன் என்றால் 550 கன மீற்றர். 33,000 லீற்றர் பவுசர் பதினேழு. 116 தொன் இரசாயனக் கலவை 320 கன மீற்றரில் அடங்கிவிடும். மூன்றிலொரு பங்கு நிறைக்கு ஒன்றே முக்கால் மடங்கு தாங்கி! அந்தத் தாங்கியும் உலையும் கவசமும் சேர்ந்து 40 தொன்னுக்குள் கை வைக்கும். இரு மடங்கு வேகம் என்ற விளம்பரத்தில் பாதி அங்கேயே கரைகிறது.

ஐதரசன் 20 கெல்வினில் இருக்க வேண்டும். ஒரு வொட் கசிந்து வந்தாலும் அதை வெளியேற்ற இலட்சியக் குளிரூட்டிக்கே 14 வொட் வேண்டும். நடைமுறையில் அதைப் போல் பல மடங்கு. செவ்வாய் போய்த் திரும்ப இரண்டு ஆண்டுக்கு மேல். குளிரூட்டியில்லாமல் போனால் திரும்பி வருவதற்கான எரிபொருள் வழியிலேயே ஆவியாகிவிடும்.

என்ன கெடும் என்பதை அறுபதுகளின் சோதனைகள் தெளிவாகக் காட்டின. 1962இன் சோதனை உலை கிவி-பி4ஏ: வாயு ஓட்டம் எரிபொருட் கோல்களை அதிரவைத்து உடைத்தது, துண்டுகள் தாரையோடு வெளியே பறந்தன. 1965 ஃபீபஸ்-1ஏ: ஐதரசன் தீர்ந்துபோனது, குளிர்விக்க ஆளில்லாத மையம் சூடேறிச் சேதமானது. மெதுவான சேதம் அரிப்பு: சூடான ஐதரசன், மையத்திலிருந்த காரீயத்தின் (கிராபைட்டின்) காபனைத் தின்று ஐதரோகாபனாக்குகிறது. அதைத் தடுக்க நயோபியம், சிர்க்கோனியம் காபைட்டுப் பூச்சுப் பூசினார்கள்; பூச்சும் காரீயமும் சூட்டில் வேறு வேறு அளவில் விரிவதால் வெடிப்பு விழுந்து ஐதரசன் அதற்குள் நுழைந்தது. 1969இல் எக்ஸ்ஈ இயந்திரம் 28 தடவை இயக்கி நிறுத்தப்பட்டது என்பது இதன் பெரிய சாதனை.

நிறுத்துவதும் இலேசல்ல. 500 மெகாவொட் உலையை அணைத்த கணத்தில் பிளவுத் துண்டுகளின் தேய்வு வெப்பம் ஐந்தாறு வீதம், முப்பது மெகாவொட் வரை. உதைப்பு முடிந்தபின்னும் மணிக்கணக்கில் ஐதரசன் ஓட வேண்டும். அந்த ஐதரசனைத் திட்டத்தில் சேர்க்க மறந்தால் ஃபீபஸ்-1ஏயின் கதைதான். சில மணித்தியாலம் கழித்து மறுபடி இயக்கப் போனால் செனன்-135 சேர்ந்து நியூத்திரனை விழுங்கும். கட்டுப்பாட்டு உருளைகளில் அதற்கும் இருப்பு வைத்திருக்க வேண்டும்.

அன்று தாரையைத் திறந்த வானில் விட்டார்கள். இன்று அனுமதி கிடையாது; வெளியேற்றம் முழுவதையும் பிடித்துச் சுத்திகரிக்கும் சோதனைக்கூடம் வேண்டும், அதுவே இயந்திரத்தைவிடப் பெரிய செலவு. இதைத் தவிர்க்க விண்ணிலேயே சோதிப்போம் என்று 2023இல் தொடங்கிய அமெரிக்க டிராகோ திட்டம் 2025இல் நிறுத்தப்பட்டது. தரையிலிருந்து ஏற்றும் செலவு குறைந்துகொண்டு வரும்போது, அதிக எரிபொருள் சுமக்கும் இரசாயனக் கலம் அணுவெப்பத்துக்குப் போட்டியாகிவிடுகிறது.

பாதுகாப்பு பற்றி இரண்டு சொல்

புதிய யுரேனியம் இயக்கப்படாத வரை கிட்டத்தட்டக் கையில் எடுக்கத்தக்க பொருள். யுரேனியம்-235இன் அரைவாழ்வு 70 கோடி ஆண்டு. ஆபத்து, ஓடியபின் திரும்பி விழும் உலையில். 1978 ஜனவரியில் உலை சுமந்த சோவியத் செய்மதி கொஸ்மொஸ் 954 கனடாவில் சிதறியது அப்படி. ஆகவே போதிய உயரமான ஒழுக்கையோ கோளிடைப் பாதையையோ அடையும் முன் உலையை இயக்கக் கூடாது என்று ஐ.நா. 1992இல் கொள்கை வகுத்தது. புளூத்தோனியம் ஏவுதளத்திலேயே சூடானது. 1964இல் ஸ்னாப்-9ஏ என்ற புளூத்தோனியம் பேணி இந்து சமுத்திரத்துக்கு மேலே எரிந்து சிதறியபின்தான், விழுந்தாலும் உடையாதபடி இரிடியம் உறையும் காரீயக் கவசமும் வந்தன.

தோரியம் பற்றியும் இங்கே எப்போதும் கேள்வி வரும். தோரியனைற்று என்ற கனியம் 1904இல் உலகுக்குத் தெரியவந்ததே பலாங்கொடைப் பக்கத்திலிருந்து, ஆனந்த குமாரசுவாமியின் கனிய ஆய்வின்போது. பெருமைப்படலாம், ரொக்கெட்டில் போட முடியாது. தோரியம் தானாகப் பிளவுத் தொடரை நடத்தாது. முதலில் யுரேனியம்-233 ஆக வேண்டும். அதோடு சேரும் யுரேனியம்-232 தரும் காமாக் கதிருக்கு ஈயக் கவசம் சுமக்க எவரும் தயாரில்லை.

எனவே எது?

டைட்டனிலோ செவ்வாயிலோ இறங்கி ஊர்ந்து படமெடுக்கச் சில நூறு வொட் போதும் என்றால் பேணி, யோசிக்க வேண்டாம். நெப்டியூனைக் கடந்து போகாமல் சுற்றி நின்று பார்க்க வேண்டுமானால் பத்துக் கிலோவொட் சிற்றுலையும் அயன் உந்தியும்; பத்து, பன்னிரண்டு ஆண்டு ஆகட்டும், ஆளில்லாத கலத்துக்கு அவசரம் இல்லை. மூன்று தெரிவிலும் பணம் போடத் தகுந்தது இதுவே என்பது எங்கள் கணிப்பு, ஏனெனில் இதற்குப் போட்டியே இல்லை. மனிதருடன் செவ்வாய் என்றால் முதற் பயணம் இரசாயனத்தில்தான் போகும். அணுவெப்பம் அதற்கு அடுத்த தலைமுறைக்கு, குளிரூட்டியும் சோதனைக்கூடமும் தயாரானபின். மெகாவொட் அணுமின் கலம் அதற்கும் அப்பால்.

கண்காட்சிக்கு மாதிரி செய்பவர்கள் 1:100 அளவில் செய்யட்டும். அணுவெப்பக் கலத்தின் ஐதரசன் தாங்கி 550 மில்லிலீற்றர் வரும், ஒரு தண்ணீர்ப் போத்தல். அதன் உலைக்கு ஒரு கொண்டைக்கடலை. அணுமின் கலத்துக்கு ஏ4 தாளின் முக்கால் பங்கை வெட்டி இரண்டு சிறகாக்கினால் 500 கெல்வின் ரேடியேற்றர் சரி. 800 கெல்வின் என்று சொல்லப்போகிறவர்கள் எட்டரைச் சென்ரிமீற்றர் சதுரம் ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, வினைத்திறன் எங்கே போனது என்று ஆசிரியர் கேட்கும்போது சொல்ல விடையோடு நிற்க வேண்டும். சிவப்புச் சுவாலைத் தாளை இரண்டிலும் கழற்றிவிடுங்கள்: சூடான ஐதரசன் வெற்றிடத்தில் அப்படிச் சிவப்பாக எரிவதில்லை, செனன் தாரை மங்கிய நீலம்.